முதலில் கை, பிறகு ஸ்கேன்

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவது சில்வர் ஓக். அந்த மரங்களைப் பற்றிக்கொண்டுதான் மிளகுக் கொடி மேலே போகிறது. மிளகு பறிக்கும் காலத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்துப் பெரியவர்கள் ஏறுவார்கள். உதிர்ந்த மணிகளைப் பொறுக்கப் பிள்ளைகளும் கூடவே வருவார்கள். ஏணி ஆளில்லாமல் நிற்கும் ஒரு நிமிடத்தில் அவர்களும் ஏறிப் பார்ப்பார்கள். எஸ்டேட்டைத் தாண்டினால் பலா, கொய்யா, நாவல் மரங்கள். மழைக்குப் பிறகு பாசி படிந்து வழுக்கும் பாறைகள். பெட்ரோல் டேங்க் மீது குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கும் பைக்குகள். சேர்வராயன் மலையில் ஒரு பிள்ளைக்குக் கழுத்திலோ முதுகிலோ அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடிபட்டதும் ஓடிப்போய்த் தூக்குகிறோம், உட்கார வைக்கிறோம், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் சுளுக்கு என்று முடிவுகட்டி, சுளுக்கு எடுப்பவரைத் தேடுகிறோம். வலி குறையாவிட்டால்தான் வண்டி பிடிக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். எப்படியும் ஒரு மணி நேரம். அங்கே டாக்டர் குழந்தையின் பக்கம் திரும்பும் முன்பே பெற்றோரிடமிருந்து வருகிறது அந்த வேண்டுகோள்: “எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க சார்.”

அந்தப் பதற்றத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தண்டுவடத்தில் பட்ட அடி ஒரு வாழ்க்கையை எப்படித் திருப்பிப் போடும் என்பதைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டார். கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975-இல் பெங்களூருக்குப் போன எஸ். ராமகிருஷ்ணன், தேர்வின்போது மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இந்த இருவரின் மன உறுதி அபூர்வமானது. எல்லாக் குழந்தைக்கும், எல்லாக் குடும்பத்துக்கும் அது வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. பெற்றோர் பயப்படத்தான் செய்வார்கள்.

என் வருத்தம் வேறு. எந்தக் குழந்தைக்கு, எந்தப் படம், எப்போது என்ற கேள்விக்கு விடை குழந்தையின் உடலைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது. ஆனால் எந்தக் கருவி பக்கத்தில் இருக்கிறது, எது இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பெற்றோர் எவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பவை பல சமயம் அந்த விடையைத் தீர்மானித்துவிடுகின்றன. அப்படித் தீர்மானமாகும்போது பெரும்பாலும் வருவது சி.டி. ஸ்கேன். அது தேவையில்லாத குழந்தைக்கும் எடுக்கப்படுகிறது. அது மட்டும் போதாத குழந்தையும் அதோடு நிறுத்தப்பட்டு, “ஒண்ணும் இல்ல” என்று வீட்டுக்கு அனுப்பப்படக்கூடும். இந்த இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பயங்கரமானது.

காரணம், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் கழுத்து வேறு பொருளால் ஆனது என்றே சொல்லலாம். உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம் அதிகம். அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளுக்கு இன்னும் வலு வரவில்லை. எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார்கள் தளர்ந்தவை. எலும்பிலேயே ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாக இருக்கும். பெரியவர்களின் கழுத்து அதிகம் மடங்குவது கீழே, ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கிடையில். சின்னக் குழந்தைக்கு அந்த மடிப்பு மேலே, இரண்டாம் மூன்றாம் எலும்புகளுக்கிடையில். அதனால் அடி விழுவதும் மண்டையோட்டை ஒட்டிய மேல் கழுத்தில். மூச்சை இயக்கும் நரம்புகள் புறப்படும் இடத்துக்கு மிக அருகில்.

இன்னொன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடர் சுமார் 5 சென்டிமீட்டர் வரை இழுபட்டாலும் பிய்வதில்லை; உள்ளே ஓடும் தண்டுவடமோ 6 மில்லிமீட்டர் இழுபட்டாலே கிழிந்துவிடும். ரப்பர் குழாய்க்குள் போட்ட பருத்தி நூலைப் போல, குழாய் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நூல் அறுந்தே கிடக்கும். எலும்பு முறியவில்லை, இடம் பெயரவில்லை; எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். குழந்தையின் கால் மட்டும் அசையாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டாக்லிங் பாங், ஜேம்ஸ் வில்பர்கர் என்ற நரம்பு அறுவை மருத்துவர்கள் 1982-இல் இத்தகைய காயத்துக்குத் தனிப் பெயர் சூட்டி விவரித்தார்கள். அவர்கள் கவனித்த முக்கியமான ஒன்று, இந்தக் குழந்தைகளில் பலருக்குச் செயலிழப்பு உடனே வரவில்லை என்பது. சில மணி நேரம், சிலருக்குச் சில நாட்கள் கழித்து வந்தது. அதற்கு முன்பு, அடிபட்ட கணத்தில், கை கால் மரத்தது போலவோ மின்சாரம் பாய்ந்தது போலவோ ஒரு உணர்வு வந்து போயிருந்தது.

இதன் மறுபுறமும் தொல்லைதான். சின்னக் குழந்தையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டாம் எலும்பு மூன்றாம் எலும்பின் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது போலத் தெரியும். அந்த வயதில் அது பல குழந்தைகளுக்கு இயல்பு. வளரும் குருத்தெலும்பின் கோடுகள் முறிவு போலத் தோன்றும். குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பழகாத கண் இதைப் பார்த்துப் பதறும், உடனே சி.டி., அதிலும் சந்தேகம், பிறகு வேறொரு மருத்துவமனை, அங்கே இன்னொரு சி.டி. ஆக, படம் பொய்யாகத் தைரியமும் சொல்லும், பொய்யாகப் பயமுறுத்தவும் செய்யும். அதை வாசிக்கும் கண்ணும், வாசிக்கும் முன் குழந்தையைத் தொட்ட கையும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம் வருகிறது.

அந்தத் தொடுதலை மருத்துவர்கள் சிலரே அற்பமாக நினைக்கத் தொடங்கியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அழுகிற மூன்று வயதுக் குழந்தையைப் பரிசோதிப்பது எளிதல்ல. கழுத்து வலிக்கிறதா என்று கேட்டால் அது பதில் சொல்லாது. அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, கழுத்தை யாரும் திருப்பாமல், ஒரு பொம்மையை மெல்ல நகர்த்தி, அது தானாகக் கண்ணாலும் தலையாலும் பின்தொடர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். பிடரியிலிருந்து கீழே ஒவ்வொரு எலும்பு முடிச்சாக விரலால் தொட்டு, எந்த இடத்தில் அழுகையின் சுருதி மாறுகிறது என்று கேட்க வேண்டும். கால் விரலைக் கூசச் செய்து பார்க்க வேண்டும். கை பிடிக்கும் வலுவை இருபுறமும் ஒப்பிட வேண்டும்.

பிறகு கேள்விகள். எவ்வளவு உயரம்? தலைகுப்புறவா, காலூன்றியா? எழுந்து நடந்தானா? கை கால் மரத்ததா, மரத்து உடனே சரியாகிவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கிடைப்பது அரிது. சரியாகிப் போனதை ஏன் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் விட்டுவிடுவார்கள். ஏறக் கூடாது என்று சொன்ன மரத்தில் ஏறியதற்கு அடி விழுமே என்று பிள்ளை மறைத்துவிடும். எத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தது என்பதைக்கூடக் குறைத்துத்தான் சொல்லும். மலையில் பிறந்து வளர்ந்த ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, “திட்ட மாட்டாங்க சாமி, சொல்லு” என்று கேட்டால் வெளிவரும் உண்மை எந்தக் கருவியிலும் வெளிவராது. இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு ஆய்வுகளின் பலமும் இருக்கிறது. யாருக்குக் கழுத்துப் படம் தேவையில்லை என்பதைச் சொல்லும் நெக்ஸஸ் என்ற விதி 34,069 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2000-இல் முடிவுகள் வெளிவந்து புகழ்பெற்றது. ஆனால் அதில் குழந்தைகள் 3,065 பேர்தான். அவர்களில் கழுத்தெலும்புக் காயம் இருந்தது 30 பேருக்கு. அந்த முப்பதில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நான்கே பேர், இரண்டு வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரியவர்களுக்குப் பொருந்திய விதியை நம்பி ஒரு கைக்குழந்தையை வீட்டுக்கு அனுப்ப இது போதாது. குழந்தைகளுக்கென்றே ஒரு விதியை உருவாக்க அமெரிக்காவின் குழந்தைகள் அவசர சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பான பெகார்ன் முன்வந்தது. 18 மருத்துவமனைகளில் அடிபட்டு வந்த 22,430 குழந்தைகளைப் பற்றிய அதன் முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. கழுத்தெலும்புக் காயம் இருந்தது 433 பேருக்கு. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அந்த விதி சொல்வது இவ்வளவுதான். குழந்தை எதற்கும் விழிக்கவே இல்லை, மூச்சு, நாடி, ரத்த ஓட்டம் சரியில்லை, கை காலில் பலவீனமோ மரப்போ இருக்கிறது என்றால் அங்கே தயங்காமல் சி.டி. இவை எதுவும் இல்லாமல் குழந்தை மயங்கினாற்போல் இருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்கிறது, நடுக்கழுத்தைத் தொட்டால் நோகிறது, தலையிலோ மார்பு வயிற்றிலோ பலத்த அடி என்றால் முதலில் எக்ஸ்ரே. இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் எந்தப் படமும் வேண்டாம். இதைப் பின்பற்றியிருந்தால் அந்தக் குழந்தைகளில் சி.டி. எடுக்கப்பட்டவர்களின் அளவு நூற்றுக்கு 17.2-இலிருந்து 6.9-ஆகக் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

விதியின் குறையையும் சொல்ல வேண்டும். காயம் இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஆறு பேரை அது தவறவிட்டது. அது உருவானது அமெரிக்க மருத்துவமனைகளில். அங்கே அடிபடும் விதம் வேறு, இங்கே மரம், பைக், படிக்கட்டுக் கிணறு வேறு. மலையடிவாரத்துச் சமவெளியில் கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறார்கள். தண்ணீர் குறைந்த கிணற்றில் அது நேராகக் கழுத்தெலும்பின் மேல் விழும் அடி. ஆகவே அந்த விதியை அப்படியே சட்டமாக்கச் சொல்லவில்லை. நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் நம் குழந்தைகளிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; அதுவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2016-இலேயே, பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கழுத்துத் தண்டுவடக் காயம் பற்றிய சந்தேகம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டது, சந்தேகம் அந்த அளவுக்கு இல்லையென்றால் எக்ஸ்ரேயைப் பரிசீலிக்கச் சொன்னது. படத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. பரிசோதனைக்குப் பிறகுதான் படம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சி.டி.யை ஏன் இவ்வளவு யோசித்து எடுக்க வேண்டும்? அது சில நொடிகளில் எலும்பின் நூலிழை முறிவையும் காட்டும். மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு அது உயிர் காக்கும் கருவி. அந்த நேரத்தில் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவது தவறு. ஆனால் அது எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சைக் கொண்டது. கழுத்துக்கு எடுக்கும்போது அந்தக் கதிரின் நேர் பாதையில் இருப்பது தைராய்டு சுரப்பி. குழந்தைப் பருவத்தில் அது கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்பு. பிரிட்டனில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்கு ஒரு முறை தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரும் என்று அது மதிப்பிட்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரை ஆராய்ந்து 2023-இல் வந்த ஆய்வும் ரத்தப் புற்றுக்கு ஏறத்தாழ இதே அளவைத்தான் சொன்னது. ஒரு குழந்தைக்கு இது மிகச் சிறிய ஆபத்து. தேவையில்லாமல் ஆயிரக்கணக்கில் எடுக்கும் ஒரு மாநிலத்துக்கு அது சிறியதல்ல.

இங்கே தமிழ்நாட்டின் ஒரு பெரிய சாதனையைச் சொல்லியாக வேண்டும். மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சி.டி. 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய் என்ற கட்டணத்தில் எடுக்கிறார்கள். ஏழைக்கும் ஸ்கேன் என்பதை இந்தியாவில் முதலில் நடைமுறையாக்கிய மாநிலங்களில் நம்முடையது முன்வரிசையில் நிற்கிறது. அந்த எளிமையே இன்று சி.டி.யைக் கைப்பழக்கமாக்கிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சி.டி. வேகமானது, மலிவு, இரவு பகலாக ஓடுகிறது. எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சே இல்லை, தண்டுவடத்தையும் தசைநாரையும் அது நேராகக் காட்டுகிறது; ஆனால் அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்காமல் அது நடக்காது. மயக்க மருந்து நிபுணர் நள்ளிரவில் பிரசவ அறுவை அரங்கில் இருப்பார். ஆகவே காலையில் பார்க்கலாம் என்பார்கள். காலையில் சி.டி. அறிக்கை இயல்பு என்று வந்திருக்கும். எம்.ஆர்.ஐ. மறந்துபோகும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இந்த மலைக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள பல வட்டாரங்களுக்கும் கடைசி நம்பிக்கை. 2024 ஏப்ரல் 30 மாலை ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்ததில் ஒரு சிறுவன் உள்ளிட்டோர் இறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காயமடைந்தவர்கள் அந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படி ஓர் இரவில் எந்த மருத்துவமனையிலும் சி.டி. அறை வாசலில் வரிசை நீளத்தான் செய்யும். வரிசையில் யார் முன்னால் போக வேண்டும் என்பதை வந்த நேரம் முடிவு செய்யக் கூடாது. உடன் வந்தவரின் குரல் உயரமும் முடிவு செய்யக் கூடாது. விரலை அசைக்காத பிள்ளை முதலில் போக வேண்டும். நன்றாக விழித்திருந்து, கழுத்தைத் தானே திருப்பி அம்மாவைத் தேடும் பிள்ளை அந்த வரிசையிலேயே நிற்க வேண்டியதில்லை. தேவையில்லாத ஸ்கேன் ஒவ்வொன்றும் அந்த இரவில் வேறொரு குழந்தையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதன் மேல் குழந்தைகளின் முதுகெலும்புக்கென்று ஒரே ஒரு பக்கத் தாள் வேண்டும். எக்ஸ்ரே எப்போது, சி.டி. எப்போது, சி.டி. இயல்பாக வந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டியது எப்போது, எதுவும் வேண்டாம் என்பது எப்போது என்று அதில் தமிழில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர், வற்புறுத்தும் தந்தையிடம் அதைக் காட்டி, “அரசு விதி இது, நான் பரிசோதித்துவிட்டேன்” என்று சொல்ல அது துணையாக இருக்கும். இன்று அவருக்கு அப்படி ஒரு துணை இல்லாதபோது, ஸ்கேன் எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

மலைமேல் செய்ய வேண்டியதும் உண்டு. ஏற்காட்டிலேயே இரவிலும் பக்கவாட்டுக் கழுத்து எக்ஸ்ரேயை, ஏழாம் எலும்புக்குக் கீழ் வரை தெரியும்படி சரியாக எடுத்து, சேலத்தில் இருக்கும் நிபுணர் உடனே பார்க்கும்படி அனுப்ப முடிந்தால், லேசான கழுத்து வலியுள்ள பல பிள்ளைகள் இருட்டில் இருபது வளைவுகள் இறங்க வேண்டியிருக்காது. கை கால் மரத்த பிள்ளையை அந்த எக்ஸ்ரேக்காக ஒரு நிமிடமும் நிறுத்தக் கூடாது, நேராகச் சேலம். நாகலூர், செம்மடுவு, மாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வண்டி வரும் இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வரும் தூரம் இன்னும் உண்டு. அங்கே முதலில் கை வைப்பவர் மருத்துவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குச் சொல்ல வேண்டியது, உட்கார வைக்காதீர்கள், கழுத்தை உருவாதீர்கள், தலையையும் உடலையும் ஒன்றாகவே திருப்புங்கள் என்பதுதான். எஸ்டேட்டுகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

108 ஆம்புலன்ஸ் பலகையில் ஒரு சின்னத் திருத்தம். சின்னக் குழந்தையின் பின்தலை பெரிதாக இருப்பதால், தட்டையான பலகையில் படுக்க வைத்தால் தலை முன்னால் தள்ளப்பட்டுக் கழுத்து வளைகிறது. காயப்பட்ட கழுத்துக்கு அதுவே ஆபத்து என்று 1989-இலேயே எலும்பு மருத்துவ இதழில் விரிவாக எழுதிக் காட்டினார்கள். தோளுக்கும் முதுகுக்கும் அடியில் மடித்த போர்வை ஒன்றை வைத்து, காதுத் துவாரமும் தோளும் ஒரே கோட்டில் வரும்படி செய்தால் போதும். இதற்குச் செலவு என்று எதுவுமே கிடையாது.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அதனால் பிழைத்த உயிர்கள் பல. ஆனால் அது சாலை விபத்துக்கானது. அதே மலையில், அதே நாளில், மிளகுக் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்த, எஸ்டேட் தொழிலாளியின் மகளுக்கு அது பொருந்தாது. எதிலிருந்து விழுந்தாள் என்று அவள் தண்டுவடம் கேட்பதில்லை. இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு உயரத்திலிருந்து விழுவது பெரிய காரணங்களில் ஒன்று என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. குறைந்தபட்சம் மலைப் பகுதிகளிலாவது மரத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் விழும் குழந்தைகளை அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் பணம் தேடி ஒரு பகல் போகும் குடும்பத்தில் அந்தப் பகல்தான் முக்கியம்.

மே மாதக் கோடை விழாவுக்கு வரும் கார்க் குடும்பங்களுக்கும் ஒரு சொல். சீட் பெல்ட்டின் இடுப்புப் பட்டை சின்னப் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் மேல் நிற்காமல் வயிற்றின் மேல் ஏறிவிடும். மோதலில் உடல் அந்தப் பட்டையின் மேல் மடங்கி, கீழ் முதுகெலும்பு குறுக்கே பிளக்கலாம். வயிற்றில் பட்டையின் தடம் கன்றிப் போயிருந்தால் முதுகைப் பார்க்காமல் விடக் கூடாது. குடலையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

ஸ்கேன் மையங்களில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குழந்தைக்குச் சி.டி. எடுக்கும்போது கருவியில் குழந்தைக்கான அளவு வைக்கப்பட வேண்டும், பெரியவருக்கு வைத்த அளவிலேயே எடுத்துவிடக் கூடாது. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க 2008-இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற உலகளாவிய இயக்கமே தொடங்கியது இதற்காகத்தான். சி.டி. கருவிகளுக்கு உரிமம் தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதை ஒவ்வொரு ஆய்விலும் கேட்டு எழுத வேண்டும். அடுத்து, குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது அறிக்கைத் தாளும் மொபைலில் எடுத்த போட்டோவும் போதாது. முழுப் படங்களும் கூடவே போக வேண்டும். படம் சரியாகத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோயம்புத்தூரிலோ வேலூரிலோ மறுபடி சி.டி. எடுக்கப்படும் குழந்தையை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

சேலத்தில் எம்.ஆர்.ஐ.க்காகக் குழந்தைகளுக்கென்று மயக்க மருந்து நிபுணர் ஒருவர் இரவிலும் கிடைக்கும்படி செய்வது இவை எல்லாவற்றிலும் கடினமானது, செலவும் அதிகம். அதனால்தான் அரசு அதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். மற்றவை தாளிலும் பயிற்சியிலும் முடியும். இதற்கு ஆள் வேண்டும்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது: டாக்டர் பிள்ளையைத் தொட்டு, கேட்டு, நடக்க வைத்துப் பார்த்துவிட்டு ஸ்கேன் வேண்டாம் என்றால், அவர் தட்டிக்கழிக்கவில்லை. அவர் எதையும் தொடாமல் ஸ்கேன் எழுதினால்தான் ஒரு கேள்வி கேளுங்கள். விழுந்த கணத்தில் பிள்ளை கை கால் மரத்தது என்று சொன்னதா, அது உடனே போய்விட்டாலும், அதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு நான்கைந்து நாட்கள் கவனியுங்கள். பேனா கை நழுவுகிறதா, படியேறும்போது கால் தடுக்குகிறதா, சிறுநீர் போக முக்குகிறதா, கழுத்து ஒருபக்கமே நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், முதல் படம் இயல்பு என்று எழுதியிருந்தாலும், எண்ணெய் தேய்க்கவோ சுளுக்கு எடுக்கவோ நிற்காமல் அதே நாள் சேலத்துக்கு இறங்குங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.